வாத மாத்திரையை நிறுத்தினால் இதயம் தப்புமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 56 வயது, 11 ஆண்டுகளாக முடக்குவாதம். சர்க்கரை இல்லை, வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை, ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் எப்போதும் நார்மல். போன மாதம் திடீரென்று மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். வார்டில் ஒரு டாக்டர், “உங்கள் மூட்டு நோயும் இதற்கு ஒரு காரணம்” என்று போகிற போக்கில் சொன்னாராம். பார்க்க வந்த உறவினரோ, “நோயெல்லாம் இல்லை, இத்தனை வருஷம் தின்ற மாத்திரைதான்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்த அம்மா வாத மருந்துகளை எல்லாம் நிறுத்திவிட்டார். மூட்டு நோய்க்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தம்பி எழுத்தில் கேட்டிருக்கிறார். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது, குற்றவாளி நோயா மருந்தா, அம்மாவை மறுபடி மாத்திரை எடுக்கச் சொல்லலாமா என்பது. கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது: தைப்பூசத்துக்கு அம்மா பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறலாமா?

நான் டாக்டர் இல்லை, ஓய்வு பெற்ற மருந்தாளர். பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசி 12 ஆண்டுகள் வாத நோய் கிளினிக் நாட்களில் மருந்து முகப்பில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அம்மாவின் ஈசிஜியையோ ஆஞ்சியோ படத்தையோ நான் பார்க்கவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா நிறுத்திய மருந்துகளில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு இருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு போன் செய்யுங்கள். பல மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு, தானே அதைச் சுரக்கும் பழக்கத்தை விட்டிருக்கும்; திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் சுருண்டு விழலாம். ஸ்டென்டுக்குப் பிறகு கொடுத்த ஆஸ்பிரினும் அதோடு சேர்ந்த இன்னொரு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. தவறினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம். முடக்குவாதத்தை அடக்கும் முக்கிய மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைத் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீங்களாகத் தொடங்க வேண்டாம். அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. ஆஞ்சியோவில் செலுத்தும் சாயம் சிலருக்குச் சிறுநீரகத்தைச் சற்றுச் சிரமப்படுத்தும். ரத்தப் பரிசோதனை ஒன்றைப் பார்த்துவிட்டு வாத நோய் கிளினிக்கில் சொல்லட்டும்.

சரி, இப்போது சம்பந்தத்துக்கு வருவோம். வயதானால் வருகிற முழங்கால் தேய்மானமும் முடக்குவாதமும் ஒன்றில்லை. சரவாங்கி என்று சில பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான் முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, மூட்டின் உள்ளே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகிறது. சவ்வு தடிக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது. காலையில் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது, காப்பிக் குவளையின் காதைப் பிடிக்க முடியாது. இதற்குத்தான் அழற்சி என்று பெயர். அந்தச் சவ்வுக்குள் கூடியிருக்கும் அணுக்கள் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற ரசாயனச் செய்திகளை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவை மூட்டிலேயே அடைந்து கிடப்பதில்லை, ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகின்றன. இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தூண்டி சிஆர்பி என்ற புரதத்தைச் சுரக்க வைக்கிறது. கிளினிக்கில் சிஆர்பி பார்ப்பது அதனால்தான். விரலில் எரிகிற நெருப்பின் புகையை ரத்தத்தில் அளக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதயக் குழாயில் நடப்பதும் இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான். கொழுப்பு ஏதோ சாக்கடைக் குழாயில் எண்ணெய் ஒட்டுவது போலப் படிந்து அடைக்கிறது என்றுதான் நாமெல்லாம் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் குழாயின் உட்சுவருக்குள் நுழைகிறது. அதை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன, விழுங்கியவை அங்கேயே செத்துக் குவிகின்றன, மேலே ஒரு மெல்லிய மூடி உருவாகிறது. கொப்புளம் மாதிரி. பல மாரடைப்புகள் அந்த மூடி கிழிவதால்தான் வருகின்றன. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது, சில நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. மூடியை அரித்து மெலிய வைப்பது அழற்சி அணுக்கள். முடக்குவாதக்காரர் உடம்பில் இந்த அணுக்களை உசுப்பும் செய்திகள் ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. குழாயின் உட்சுவர் வழவழப்பை இழக்கிறது, ரத்தமும் சீக்கிரம் உறையும் நிலைக்குப் போகிறது. சிகரெட், சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லாமலே இத்தனையும் நடக்கும்.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதில் அதிகம் சர்ச்சை இல்லை. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இதய நோய் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஐரோப்பிய வாத நோய்க் கூட்டமைப்பு, சாதாரண ஆபத்துக் கணக்கில் வருகிற எண்ணை 1.5ஆல் பெருக்கிக்கொள்ளச் சொல்கிறது. கணக்கில் ஒருவருக்கு அடுத்த 10 ஆண்டில் 8 சதவீதம் என்று வந்தால், முடக்குவாதம் இருந்தால் அதை 12 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 2017இல் வந்த கியூரிஸ்க்-3 கணக்கில் முடக்குவாதத்துக்கே ஒரு கட்டம் வைத்துவிட்டார்கள். பழைய ஃபிராமிங்ஹாம் கணக்கில் அது கிடையாது. வயது, ஆணா பெண்ணா, புகை, அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை, அவ்வளவுதான். உங்கள் அம்மாவை அந்தக் கணக்கில் போட்டிருந்தால் “ஆபத்து குறைவு” என்றுதான் வந்திருக்கும். கணக்குப் போட்டவரைக் குறை சொல்லவில்லை, அந்தத் தாளில் அதற்கு இடமே இல்லை. ஒன்றரை மடங்கு என்றதும் பயந்துவிடவும் வேண்டாம். முடக்குவாதக்காரர்களில் பெரும்பாலோருக்கு மாரடைப்பு வருவதில்லை.

அந்த ‘நார்மல்’ கொலஸ்ட்ரால் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இதில் நானே தவறு செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா மருந்து வாங்க வந்தார். இரண்டு மணிக்கட்டும் பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தன. கையிலிருந்த ரிப்போர்ட்டை நீட்டி, “இது நல்லா இருக்கா பாரும்மா” என்றார். எல்டிஎல் 2.3 மில்லிமோல். “பிரமாதம், இதயத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்” என்றேன். அதே தாளில் நாலு வரி கீழே, அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் 80ஐத் தாண்டி நின்றது. அதை நான் மூட்டுக் கணக்கில் எழுதிவிட்டேன், இதயக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆறு மாதம் ஒழுங்காக மருந்து எடுத்து, வீக்கம் வடிந்து, அவர் திரும்பி வந்தபோது எல்டிஎல் 3.4. “உங்க மருந்து கொழுப்பை ஏத்திடுச்சு” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் இதுதான். அழற்சி கொழுந்துவிட்டு எரியும்போது உடம்பு எல்டிஎல்லை வேகமாகச் செலவழிக்கிறது, ரத்தத்தில் அளவு இறங்குகிறது. நல்ல கொழுப்பு என்கிற எச்டிஎல்லும் குறைகிறது. மிச்சமிருப்பதும் தன் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. ஆக, நோய் மோசமாக இருக்கும்போது ரிப்போர்ட் அழகாக இருக்கும், குழாய் மட்டும் கெட்டுக்கொண்டிருக்கும். நோய் அடங்கினால் எண் ஏறும், ஆபத்தோ பொதுவாகக் குறையும். அதனால்தான் கொலஸ்ட்ராலை நோய் அடங்கியிருக்கும் சமயத்தில் அளக்கச் சொல்கிறார்கள். இப்படி ஏறிய எண்ணை அப்படியே விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை, தேவையென்றால் அதற்கு ஸ்டாட்டின் உண்டு. உங்கள் அம்மாவுக்கு இப்போது இந்தக் குழப்பமே வேண்டாம். மாரடைப்பு வந்தவருக்கு எல்டிஎல் 1.4க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இன்றைய இலக்கு. அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்திருப்பார்கள். “கொலஸ்ட்ரால்தான் நார்மலாச்சே” என்று அதையும் நிறுத்தியிருக்கிறாரா என்று பாருங்கள்.

இனி குற்றவாளிக் கூண்டில் நிற்கும் மெத்தோட்ரெக்சேட். இது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து என்று யாராவது அம்மாவைப் பயமுறுத்தியிருப்பார்கள். கொடுப்பது உண்மைதான், ஆனால் அங்கே அளவு பல மடங்கு அதிகம். வாதத்துக்கு வாரத்தில் ஒரே நாள், பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை, மற்ற நாட்களில் ஃபோலிக் அமிலம். தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் நாங்கள் மருந்து உறையில் கிழமையை எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுப்போம். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அதனால் தொந்தரவு வரலாம், அடிக்கடி ரத்தம் எடுப்பது அதற்குத்தான். மாரடைப்பைக் கொண்டுவருகிற மருந்து என்று அதற்குப் பெயர் கிடையாது. அதை எடுக்கும் முடக்குவாதக்காரர்களிடம் இதய நோய் குறைவாகக் காணப்படுகிறது என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவையெல்லாம் கூட இருந்து கவனித்துப் பார்த்த ஆய்வுகள். மருந்தை ஒழுங்காக எடுப்பவர் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பார். நன்மை எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். பிரித்துப் பார்க்க இரண்டு பெரிய பரிசோதனைகள் நடந்தன. 2017இல் வெளியான கான்டோஸ் பரிசோதனையில், மாரடைப்பு வந்து சிஆர்பியும் உயர்ந்திருந்த 10,061 பேரைச் சேர்த்தார்கள். இன்டர்லூக்கின்-1 என்ற இன்னொரு அழற்சிச் செய்தியை மறிக்கும் ஊசியை ஒரு பிரிவுக்குப் போட்டார்கள். கொலஸ்ட்ரால் துளியும் மாறவில்லை. ஆனால் 150 மில்லிகிராம் அளவு ஊசி போட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. அழற்சியைத் தணித்தாலே இதயத்துக்கு நல்லது என்று மனிதர்களிடம் முதலில் நேரடியாகக் காட்டியது அதுதான். கூடவே உயிரைப் பறிக்கும் நோய்த்தொற்றுகள் கொஞ்சம் கூடின. மொத்தச் சாவு எண்ணிக்கை குறையவில்லை. அதனால் அந்த ஊசி இதய மருந்தாகப் புழக்கத்துக்கு வரவில்லை. அடுத்து சர்ட் என்ற பரிசோதனையில், வாதம் இல்லாத இதய நோயாளிகளுக்குக் குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை, சிஆர்பிகூட இறங்கவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மெத்தோட்ரெக்சேட் இதய மருந்து இல்லை. மூட்டில் நெருப்பு எரிகிற ஒருவருக்கு அது நெருப்பை அணைக்கிறது, அந்த வழியாக இதயமும் கொஞ்சம் தப்பிக்கிறது. நெருப்பே இல்லாதவருக்கு அணைக்க ஒன்றுமில்லை. உங்கள் அம்மா முதல் ரகம். நிறுத்தினால் சில வாரங்களில் வீக்கம் திரும்பும், சிஆர்பி ஏறும், புதிதாக ஸ்டென்ட் வைத்த குழாய்க்குள் அந்த ரத்தம்தான் ஓடும்.

உறவினர் சொன்னதில் பாதி நியாயமும் இருக்கிறது, ஆனால் அவர் கை நீட்ட வேண்டியது வேறு மாத்திரைகளை நோக்கி. ஒரு நாள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஒரு அக்கா சிவப்புப் பிளாஸ்டிக் பையோடு வந்தார். “எல்லாம் இதுலதான் இருக்கு, எது எதுக்குன்னு சொல்லுங்க” என்று முகப்பில் கொட்டினார். நாங்கள் கொடுத்த மெத்தோட்ரெக்சேட் ஆறு வாரமாகப் பிரிக்கப்படாமல் இருந்தது. பக்கத்துத் தனியார் கிளினிக்கில் வாங்கிய எட்டோரிகாக்சிப் என்ற வலி மாத்திரை அட்டையில் ஏழில் ஆறு காலி. வேறொரு கிளினிக்கில் வாங்கிய டைக்ளோஃபெனாக், அதுவும் முக்கால்வாசி காலி. இரண்டும் ஒரே வேலை செய்கிற மாத்திரைகள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அடியில் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு டப்பா, மூட்டு வலிக்கான மூலிகை என்று எழுதியிருந்தது. “இதைச் சாப்பிட்டா ரெண்டே நாள்ல கை மடங்குதும்மா” என்றார். முகம் பௌர்ணமி நிலா மாதிரி உருண்டிருந்தது, ரத்த அழுத்தம் 170.

வலி மாத்திரைகளின் கதை நிரூபணமான கதை. வயோக்ஸ் என்ற மாத்திரையை மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதால் 2004 செப்டம்பரில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். எட்டோரிகாக்சிப் அதே வகையைச் சேர்ந்தது. டைக்ளோஃபெனாக் பழைய மாத்திரைதான், ஆனால் இதயத்துக்குச் செய்வதில் அதற்குச் சளைத்ததில்லை. இதயக் குழாய் நோய் உள்ளவர்களுக்கு இந்த இரண்டையும் கொடுக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. இவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், அழுத்தத்தை ஏற்றும், அழுத்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். ஐபுபுரோஃபெனுக்கு இன்னொரு குணம்: ஆஸ்பிரின் வேலை செய்கிற இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது நல்லதில்லை. செலிகாக்சிப் மிதமான அளவில் நாப்ராக்சென், ஐபுபுரோஃபெனைவிட மோசமில்லை என்று 2016இல் ஒரு பெரிய பரிசோதனை காட்டியது. ஆனால் மோசமில்லை என்பது வேறு, பாதுகாப்பு என்பது வேறு. அம்மாவுக்கு வலி வந்தால் பாராசிட்டமாலில் தொடங்கலாம், அதற்கு மேல் டாக்டரைக் கேட்டுத்தான். வாத மருந்தை நிறுத்தியவர்களுக்கு வலி திரும்பும்போது கை தானாகப் போவது இந்த மாத்திரைகளிடம்தான். எனக்குப் பெரிய பயம் அதுவே.

அந்த மூலிகை டப்பா விஷயமும் அப்படித்தான். மூட்டு வலி என்று விற்கப்படும் பதிவில்லாத பல சரக்குகளில் டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் மலேசியச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. இரண்டு நாளில் கை மடங்கியதன் ரகசியம் பெரும்பாலும் அதுதான். முகம் உருண்டதும் அழுத்தம் ஏறியதும் அதே கணக்கு. எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இல்லாத எதையும் வாங்காதீர்கள். டாக்டர் கொடுக்கும் பிரெட்னிசோலோனும் அதே குடும்பம்தான். அதிக அளவில், நீண்ட நாள் எடுத்தால் சர்க்கரை, அழுத்தம், எடை எல்லாவற்றையும் ஏற்றும், இதய ஆபத்தையும் கூட்டும். ஆகக் குறைந்த அளவில் வைத்து மெதுவாகக் குறைப்பதுதான் டாக்டர்களின் நோக்கம். அந்தக் குறைப்புக்கு இடம் கொடுப்பதே மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள்.

புதிய மருந்துகளைப் பற்றி இரண்டு வரி. டோஃபாசிட்டினிப் என்ற வாத மாத்திரையை, 50 வயது தாண்டி இதய ஆபத்துக் காரணி ஒன்றாவது உள்ளவர்களிடம், டிஎன்எஃப் செய்தியை மறிக்கும் ஊசிகளோடு ஒப்பிட்டார்கள். 2022இல் முடிவு வந்தது. மாத்திரைப் பக்கம் 3.4 சதவீதம் பேருக்கும் ஊசிப் பக்கம் 2.5 சதவீதம் பேருக்கும் பெரிய இதயத் தாக்குதலோ பக்கவாதமோ வந்தது. அம்மாவுக்கு யாராவது இதை எழுதினால் மாரடைப்பு வந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். டிஎன்எஃப் ஊசிகள் மாரடைப்பு வந்தவருக்குத் தடையில்லை, ஆனால் இதயம் பலவீனமாகிச் சரியாக ரத்தம் தள்ளாத நிலை இருந்தால் அவற்றைத் தவிர்ப்பார்கள். இதயத்தின் எக்கோ ஸ்கேன் ரிப்போர்ட்டை வாத நோய் டாக்டரிடமும் காட்டுவது அதற்குத்தான்.

அம்மாவுக்கு முன்னறிகுறியே இல்லையே என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். இருந்திருக்கலாம், வெளியே தெரிந்திருக்காது. இதயக் குழாய் சுருங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது உழைப்பு. படி ஏறும்போது நெஞ்சு இறுகும். முழங்கால் வலியால் படியே ஏறாதவருக்கு அந்தச் சோதனை நடப்பதே இல்லை. தோளும் இடது கையும் வலித்தால் வாதம் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். வெளியே தெரியாமல் வந்து போகும் மாரடைப்பு முடக்குவாதக்காரர்களிடம் அதிகம் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. இனிமேல், தொட்டாலும் அசைத்தாலும் அதிகமாகாத தோள் வலி, வியர்வையோடு வரும் தாடை வலி, காரணமில்லாத மூச்சுத் திணறல் என்றால் தைலத்தை எடுக்காமல் 999க்கு அழையுங்கள்.

தண்ணீர்மலைக்கு ஐநூறுக்கும் மேல் படிகள். ஏறலாமா என்று எழுத்தில் நான் சொல்ல முடியாது, இதய டாக்டர் நடக்கவைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதயச் சிகிச்சைக்குப் பிறகான உடற்பயிற்சி வகுப்பு உங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தால் பெயர் கொடுங்கள். மூட்டு வீக்கம் அடங்கியிருந்தால்தான் அதையும் செய்ய முடியும். அடுத்த அப்பாயிண்ட்மெண்டுக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் மாத்திரை, டப்பா, தைலம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அதோடு அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாக எந்த வருஷம் மலை ஏறினார், ஏறாமல் நின்றது முழங்கால் வலியாலா, மூச்சு வாங்கியதாலா?